சிறைக்காவலர் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்துத் தம்பி ஒருவன் சிறைக்காவலர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். உயர்தரம் எழுதிவிட்டு கொழும்பில் ஒரு புடவைக் கடையில் மூன்று வருடம் நின்றவன், வாடகையும் சாப்பாடும் போக ஒன்றும் மிஞ்சவில்லை என்று திரும்பி வந்துவிட்டான். "அரசாங்க வேலை அக்கா, பென்சன் இருக்கு" என்று அவன் சொல்ல, கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்த அவனுடைய அம்மா வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, "கொலகாரனுங்க நடுவுல போய் நிக்கப் போறானாம், நீயாவது சொல்லு புள்ள" என்றார்.

தோட்டத்து ஆட்களுக்கு வரும் சிங்களக் கடிதங்களை வாசித்துக் கொடுப்பது, நீதிமன்றத் தவணைக்குக் கூடப் போவது, தீர்ப்பு வரும்வரை விளக்கமறியலில் இருப்பவர்களைப் பார்க்க வீட்டாரைக் கூட்டிப்போவது என்று நான் பல வருடமாக அலைகிறேன். அதனால் சிறைக்கு வெளியே நிற்கும் வரிசையும் அந்த வாசலில் நிற்கும் உத்தியோகத்தர்களும் எனக்குப் பழக்கம். அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் பயப்படும் இடம் வேறு, உண்மையான ஆபத்து இருக்கும் இடம் வேறு. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. நம் ஆட்களுக்குச் சிறை என்றால் ஏன் இவ்வளவு பயம் என்பதற்கு அது காரணம் சொல்லும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி, ஒப்பந்தம் முடியும் முன்னர் தோட்டத்தை விட்டு ஓடிப்போன தொழிலாளியை மூன்று மாதம் வரை கடூழியச் சிறையில் போடலாம். துரையோடு கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போவது குற்றம்! 1920களின் தொடக்கத்தில்தான் அந்தத் தண்டனை எடுக்கப்பட்டது. கண்டி நகரத்தின் நடுவில் போகம்பறைச் சிறை 1876இல் திறக்கப்பட்டது, அடுத்த வருடமே, 1877இல், சிறைச்சாலைகள் கட்டளைச்சட்டம் வந்தது. இன்றைக்கும் அதே சட்டம்தான், திருத்தங்களோடு. ஆக, மலையகத் தமிழர் சிறையை முதலில் அறிந்தது கொலை, கொள்ளையால் அல்ல, வேலையை விட்டு ஓடியதால். சிறைச் சாவி எப்போதும் வேறு யாரோ ஒருவர் கையில்தான் இருந்தது. நம் பிள்ளை ஒருவன் அந்தச் சாவியை வாங்கப் போகிறான் என்றால் அது சின்ன விஷயமில்லை.

போகம்பறை 2014 சனவரி முதலாம் திகதி மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலையில் கட்டிய புதுச் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். தும்பறைச் சிறை என்று அதற்குப் பெயர். ஊவாப் பக்கம் பதுளைச் சிறை இருக்கிறது, இளம் குற்றவாளிகளுக்குத் தல்தெனை இருக்கிறது. நமது பக்கத்து நீதிமன்றங்களில் விளக்கமறியல் என்று உத்தரவு விழுந்தால் பல வேளை கண்டிப் பக்கம்தான் ஏற்றிப் போகிறார்கள். வீட்டார் பார்க்கப் போவதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு போகும், கையில் கொண்டுபோன சோற்றுப் பார்சல் மத்தியானத்துக்குள் ஆறிப்போகும்.

இப்போது ஆபத்துக்கு வருவோம். அம்மாக்கள் கண்ணில் வருவது கத்தி. உள்ளே கத்தி இல்லாமல் இல்லை. கரண்டிக் காம்பைத் தரையில் தேய்த்தாலும் கூராகும், பல் துலக்கும் பிரஷ்ஷில் பிளேடைச் சொருகினாலும் ஆயுதம்தான். இது உலகத்தில் எல்லாச் சிறைகளிலும் நடக்கிறது. ஆனால் ஒரு சாதாரண நாளில் காவலரைக் குத்துவதால் கைதிக்கு லாபம் ஒன்றும் கிடையாது. தண்டனை கூடும், சலுகை போகும், கூட இருப்பவர்களும் அவனால் அவதிப்படுவார்கள். அடிபிடி பெரும்பாலும் கைதிகளுக்குள்ளே நடக்கும், காவலருக்குக் காயம் வருவது அதை விலக்கப் போகும்போதுதான். தண்ணீர் வரிசையிலோ படுக்கும் இடத்திலோ ஒரு சின்ன வாய்த்தகராறு தொடங்கும், ஒருவரே ஓடிப்போய் நடுவில் விழுவார், பின்னால் ஆள் வரும்வரை அவர் தனி. அதனால்தான் எங்கே பயிற்சி கொடுத்தாலும் முதலில் சொல்லிக் கொடுப்பது, தனியாகப் போய் விழாதே, முதலில் ஆளைக் கூப்பிடு, பிறகு சத்தம் போட்டுக் கலை, கடைசியில்தான் கை.

இன்னொரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. கைதிகளோடு நேரடியாகப் பழகும் காவலர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 82ஆவது விதி இதைத்தான் சொல்கிறது, விசேஷ நிலைமைகளில் தவிர. காரணம் எளிது: நூறு பேருக்கு நடுவில் நிற்கும் ஒருவரின் துப்பாக்கி அடுத்த நிமிடம் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2012 நவம்பரில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் பொலிஸ் விசேட அதிரடிப்படை தேடுதலுக்குப் போனதும் கலவரம் வெடித்து, கைதிகள் ஆயுதக் களஞ்சியத்தையே உடைத்தார்கள். 27 கைதிகள் இறந்தார்கள். கலவரம் அடங்கிய பிறகும் ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சுட்டார்கள் என்ற வழக்கில், 2022 சனவரியில் முன்னாள் சிறைச்சாலைகள் ஆணையாளர் ஒருவருக்கே மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சீருடை போடப் போகும் எவரும் இந்த வழக்கைப் படித்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சுவருக்கு உள்ளே இருப்பதைவிடச் சுவருக்கு வெளியே இருக்கும் நேரம்தான் பயங்கரம் என்று அனுபவப்பட்ட ஒரு உத்தியோகத்தர் ஒருமுறை வரிசையில் நிற்கும்போது சொன்னார். அவர் சொன்னது 2017 பெப்ரவரி 27இல் நடந்ததை வைத்து. களுத்துறைச் சிறையிலிருந்து கடுவெல நீதிமன்றத்துக்குக் கைதிகளை ஏற்றிப் போன பஸ்ஸை வழியில் மறித்துச் சுட்டார்கள். ஐந்து கைதிகள், இரண்டு சிறை உத்தியோகத்தர்கள், மொத்தம் ஏழு பேர் செத்தார்கள். பாதாளக் கும்பல்களுக்கு இடையிலான பகை. அந்த இரண்டு உத்தியோகத்தர்களுக்கும் அந்தப் பகைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை, அன்றைக்கு அந்த பஸ்ஸில் அவர்களுக்கு வேலை, அவ்வளவுதான். நம் பக்கத்தில் அப்படி ஒன்று நடக்காது என்று சொல்லலாம். ஆனால் பல்லேகலையிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் பாதையை யோசித்துப் பாருங்கள். வளைவுக்கு வளைவு பஸ் ஊர்ந்துதான் போகும், பனிமூட்டம் இறங்கினால் முன்னால் என்ன நிற்கிறது என்றே தெரியாது, மழைக்காலத்தில் மண் சரிந்தால் மணிக்கணக்கில் நடுவழியில் நிற்க வேண்டும். கைவிலங்கு போட்ட ஆட்களை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்கும் காவலருக்கு, யாரை முதலில் இறக்குவது, விலங்கை எப்போது கழற்றுவது, ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்றெல்லாம் முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும். சமதரையில் எழுதிய ஒழுங்கு மலைப்பாதைக்குப் போதாது.

நெரிசலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அது கைதிகளின் பிரச்சினை என்ற மாதிரி. இலங்கைச் சிறைகளில் இருக்க வேண்டிய ஆட்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அடைத்து வைத்திருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தீர்ப்பே வராத விளக்கமறியல் கைதிகள். தண்டனை பெற்று வருபவர்களிலும் பெரும் பங்கினர் அபராதம் கட்டக் காசில்லாமல் வருகிறவர்கள். கசிப்பு என்கிற கள்ளச்சாராய வழக்கில் அபராதம் கட்ட முடியாமல் உள்ளே போன தோட்டத்து ஆட்களை எனக்கே தெரியும். இது காவலருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். முப்பது பேரைப் பார்க்க வேண்டியவர் எழுபது எண்பது பேரைப் பார்க்கிறார். முப்பது பேர் என்றால் முகம் தெரியும், யார் இன்றைக்குச் சாப்பிடவில்லை, யார் யாரோடு பேசாமல் இருக்கிறார் என்று தெரியும். எண்பது பேர் என்றால் தலையை எண்ணத்தான் நேரம். சண்டை வரப் போகிறது என்பதை முன்கூட்டிக் காட்டும் அடையாளங்கள் எல்லாம் அவர் கண்ணில் படாமல் போய்விடும். 2020 நவம்பர் 29இல் மஹரச் சிறையில் கொரோனா பயத்தில் கலவரம் வெடித்து 11 கைதிகள் இறந்தார்கள், நூறு பேருக்கும் மேல் காயம். பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு நோய் வந்திருக்கிறது, விலகிப் படுக்க ஒரு முழம் இடமில்லை என்ற நிலையில் யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது. காவலரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். காசநோய், சிரங்கு, காய்ச்சல் எல்லாம் சீருடையோடு வீட்டுக்கு வரும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. தெரியாத ஒன்று இருக்கிறது, நான் அந்தத் தம்பியிடம் அதிக நேரம் பேசியது அதைப் பற்றித்தான்.

அது ஒரு சின்ன உதவியில் தொடங்கும். ஒரு கைதி, நல்ல மாதிரி, மரியாதையாகப் பேசுகிறவர், "சேர், வீட்டுக்கு ஒரு போன் கோல் மட்டும் எடுத்துச் சொல்லிடுங்க, புள்ளைக்கு வருத்தமாம்" என்பார். பாவம் என்று செய்துவிடுவீர்கள். விதியை மீறித்தான் செய்தீர்கள் என்பது இப்போது அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இரண்டு கிழமை கழித்து ஒரு கடிதம். அப்புறம் ஒரு பீடிக் கட்டு. அதற்கிடையில் உங்கள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று யாரோ வெளியே விசாரித்துக் காசு கொண்டுவந்து கொடுப்பார்கள், நீங்கள் கேட்காமலே. கடைசியில் ஒரு நாள் ஒரு சிம் அட்டையையோ ஒரு சின்னப் பொட்டலத்தையோ கையில் வைத்து, "இதையும் கொண்டு வந்துடுங்க" என்பார்கள். மாட்டேன் என்றால் முதல் கோலிலிருந்து எல்லாவற்றையும் மேலே சொல்லிவிடுவேன் என்பார்கள். குடு, ஐஸ் என்ற போதைப்பொருள் இரண்டும் நாட்டில் பெருகியதிலிருந்து சிறைக்குள் ஒரு பொட்டலத்தின் விலை வெளியே இருப்பதைவிட எத்தனையோ மடங்கு. அந்த வியாபாரம் நடக்க உள்ளே ஒரு கை வேண்டும். மதில் மேலால் பார்சல் எறிவது ஒரு வழி, சோற்றுப் பார்சலுக்குள் மறைப்பது ஒரு வழி, காவலரின் சட்டைப்பை இன்னொரு வழி.

மாட்டேன் என்று நிமிர்ந்து நிற்பவர்களுக்கு வேறு வகைத் தொல்லை. உள்ளே இருப்பவனின் ஆட்கள் வெளியே இருக்கிறார்கள். பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், மனைவி எந்த பஸ்ஸில் போகிறார் என்று பெயரைச் சொல்லாமல் ஜாடையாகக் கேட்டாலே போதும், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. லயத்தில் இருப்பவனுக்கு இது இன்னும் கஷ்டம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து கோயில் திருவிழா வரை எல்லோருக்கும் எல்லாரையும் தெரியும், ஒளிந்து வாழ இடமே கிடையாது.

இந்தச் சறுக்கலைப் பயிற்சியில் எப்படிக் கற்றுக் கொடுப்பது? சட்டத்தை வாசித்துக் காட்டினால் போதாது. நடித்துக் காட்ட வேண்டும். ஒருவர் கைதியாக, ஒருவர் காவலராக உட்கார்ந்து, அந்த முதல் கோல் கேட்கும் கட்டத்தைப் பத்துத் தடவை பேசிப் பழக வேண்டும். மரியாதை குறையாமல், அவரைக் கேவலப்படுத்தாமல், அதே நேரம் இடம் கொடுக்காமல் இல்லை என்று சொல்வது ஒரு கலை. "உங்க பிள்ளைக்கு வருத்தம் என்றால் நலன்புரி உத்தியோகத்தரிடம் எழுதித் தாங்க, நானே இப்போ கொண்டு போய்க் கொடுக்கிறேன்" என்று நேர்வழியைக் காட்டத் தெரிய வேண்டும். நேர்வழி உண்மையாகவே வேலை செய்ய வேண்டும், அதுவும் முக்கியம். வீட்டுக்குப் பேச ஒழுங்கான ஏற்பாடு இருக்கும் சிறையில் காவலரை விலைக்கு வாங்குவது கடினம். ஏற்கெனவே சறுக்கியவர் தண்டனைக்குப் பயப்படாமல் மேலதிகாரியிடம் முதல் தவறிலேயே வந்து சொல்ல ஒரு வழி வைத்தால் எத்தனையோ பேர் தப்புவார்கள்.

சரி, என்னதான் பயிற்சி? சேர்ந்ததும் திணைக்களத்தின் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி உண்டு. அணிவகுப்பு, உடற்பயிற்சி, ஆயுதம் கையாளுதல், சிறைச் சட்டம், பதிவேடு எழுதுவது, சோதனை போடுவது, எண்ணிக்கை எடுப்பது. இதெல்லாம் வேண்டும்தான். எண்ணிக்கை பிழைத்தால் சிறை முழுக்க நின்றுவிடும், சாவிக்கொத்தை ஒரு நிமிடம் மேசையில் வைத்துவிட்டுப் போனால் அந்தப் பூட்டுகளையெல்லாம் மாற்ற வேண்டி வரும். ஆனால் அணிவகுப்பில் தேறியவர் முதல் ராத்திரி கைதிகள் படுக்கும் வாட்டுக்குள் நிற்கும்போது எதிரே இருப்பது அணிவகுப்பு இல்லை. குடு நிறுத்தியதால் உடம்பு முறுக்கி வாந்தி எடுக்கும் பத்தொன்பது வயதுப் பையன், தான் செய்ததை நினைத்துச் சுவரில் தலையை மோதிக்கொள்ளும் ஒரு குடும்பஸ்தர், ஒன்றுமே பேசாமல் சாரத்தின் விளிம்பைக் கிழித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர். உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயம் உள்ளே வந்த முதல் நாட்களில்தான் கூட. அந்தச் சாரத்தைக் கிழிக்கும் கை எதற்குத் தயாராகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த காவலர் ஒரு உயிரைக் காப்பாற்றுவார்.

நோர்வேயில் சிறை உத்தியோகத்தராவதற்கு இரண்டு வருடப் படிப்பு, சம்பளத்தோடு. சட்டம், உளவியல், சமூக வேலை எல்லாம் அதில் வரும். அது பணக்கார நாடு என்று சொல்லலாம், சரிதான். பக்கத்தில் வேலூரைப் பாருங்கள், 1979இலிருந்து அங்கே சிறை நிர்வாகத்துக்கென்றே ஒரு கழகம் இருக்கிறது, தென்னிந்திய மாநிலங்களின் உத்தியோகத்தர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள். மண்டேலா விதிகளின் 75ஆவது விதி, கடமையைத் தொடங்கும் முன்னரும் பயிற்சி, வேலையில் இருக்கும் காலம் முழுக்கவும் பயிற்சி என்று சொல்கிறது. இந்த இரண்டாவது பாதிதான் நமக்குத் தவறிப்போகிறது என்பது என் எண்ணம். ஆள் பற்றாக்குறையில், இருக்கிறவரைப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினால் அவர் இடத்தில் நிற்க ஆள் இல்லை. அதனால் இருபது வருடத்துக்கு முன் படித்ததையே வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், புதிதாக வருகிறவர்களும் அவர்களைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். அங்குணுகொலபெலஸ்ஸவில் புத்தம் புதிய சிறை கட்டினார்கள். 2018 நவம்பரில் அங்கே காவலர்கள் கைதிகளை முழங்காலில் வைத்து அடித்த காட்சி, அந்தச் சிறையின் கண்காணிப்புக் கேமராவிலேயே பதிவாகி, சில வாரங்களில் நாடே பார்த்தது. கட்டடம் புதிது, கேமரா புதிது. அடித்த கை பழைய பழக்கத்தில் வளர்ந்த கை.

அடி ஏன் காவலருக்கே ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். சுவர், பூட்டு, கேமரா எல்லாம் ஒரு பாதுகாப்பு. உள்ளே இருப்பவரோடு நாளாந்தம் பேசிப் பழகுவதால் வருவது இன்னொரு பாதுகாப்பு, பெரிய சிறை நிர்வாகங்கள் இப்போது நம்புவது இரண்டாவதைத்தான். நாளைக்கு ஒரு குழப்பம் வரப் போகிறது என்பதை உங்களிடம் வந்து சொல்லப் போவது கேமரா இல்லை, நீங்கள் மனிதனாக நடத்திய ஒரு கைதி. "சேர், இன்னைக்குப் பின் பக்கம் போகாதீங்க" என்று ஒரு வரி. அடி வாங்கியவர் அதைச் சொல்ல மாட்டார்.

இங்கேதான் மொழி வருகிறது. மலையகத்தில் இதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் பிரச்சினை.

பேச்சுத்தான் பாதுகாப்பு என்றால், பேச மொழியே இல்லாத காவலர் எப்படிப் பாதுகாப்பாக இருப்பார்? தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தோட்டத் தொழிலாளி, சிங்களம் மட்டும் தெரிந்த ஒரு காவலர். காவலர் உட்காரச் சொல்கிறார், தொழிலாளி எழும்புகிறார். காவலர் அதை அடம் என்று நினைக்கிறார். நான் கூட்டிப்போன ஒரு தாயின் மகனுக்கு ஒரு சிறையில் இப்படித்தான் நடந்தது. சிறையின் பெயர் வேண்டாம். பையனுக்கு வலிப்பு நோய், தினமும் மாத்திரை போட வேண்டும். சேர்க்கும்போது நோய் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள், கேள்வி விளங்காமல் அவன் தலையை ஆட்டியிருக்கிறான், இல்லை என்று பதிவாகிவிட்டது. மூன்றாம் நாள் வலிப்பு வந்தபோது, போதையை நிறுத்தியதால் நடிக்கிறான் என்று நினைத்து ஒரு காவலர் அவனைப் பிடித்து அமுக்கப் போயிருக்கிறார். பையனின் கைபட்டு அந்தக் காவலருக்கு உதடு கிழிந்தது. தமிழ் தெரிந்த இன்னொரு கைதி கத்திச் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்தக் காவலர் கெட்டவர் இல்லை, அடுத்த முறை நாங்கள் போனபோது அவரே அந்தத் தாயிடம் வந்து, கையால் சைகை காட்டி, மகன் நன்றாக இருக்கிறான் என்று சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்விக்கு மொழி இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் ஒன்றும் நடந்திருக்காது.

கைதிகளில் கூடுதலானோர் பேசும் மொழியை, அல்லது கூடுதலானோருக்கு விளங்கும் மொழியை, பொறுப்பாளரும் பெரும்பாலான ஊழியர்களும் பேச வேண்டும், தேவையானபோது மொழிபெயர்ப்பாளரை வைக்க வேண்டும் என்று மண்டேலா விதிகளில் 80ஆவது விதி சொல்கிறது. நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழியானது. 2007 யூலைக்குப் பிறகு அரச வேலைக்கு வந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேற வேண்டும் என்று சுற்றறிக்கையும் உண்டு. ஆனால் பரீட்சையில் தேறுவது வேறு, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் "அடைக்குது" என்று சொன்னால் அது விளங்குவது வேறு. "நெஞ்சு அடைக்குது", "தல சுத்துது", "கிறுகிறுன்னு வருது", "செத்துடலாம்னு இருக்கு". இந்த மாதிரி இருநூறு வாக்கியம் போதும், தோட்டத்துப் பேச்சிலேயே, பயிற்சியின் முதல் மாதத்தில் காதால் கேட்டுப் பழக்கலாம். இலக்கணம் பிறகு வரட்டும். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

மொழி தெரிந்த நம் பிள்ளைக்கும் இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவன் நிற்கும் வேலைமுறையில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் அவனாக இருக்கலாம். அப்போது சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர் வேலையும் அவன் தலையில் விழும், எல்லா வாட்டிலிருந்தும் அவனைக் கூப்பிடுவார்கள். தமிழ்க் கைதிகள் "நம்ம பையன்தானே" என்று உரிமையோடு கேட்பார்கள், அதில் பாதி நியாயமானது, பாதி அந்த முதல் கோல் மாதிரியானது. கூட வேலை செய்பவர்களில் சிலர், இவன் அவர்களோடு தமிழில் என்ன பேசுகிறான் என்று சந்தேகப்படுவார்கள். இரண்டு பக்கமும் இழுபடுவான். இதற்கு நான் சொன்ன வழி ஒன்றுதான்: தமிழில் பேசியதை அன்றன்றே பதிவேட்டில் எழுதிவிடு, கைதிக்கும் அதைச் சொல்லிவிடு, யாருக்கும் ரகசியமாக எதையும் மொழிபெயர்க்காதே.

இனிச் சொல்லப்போவது கசப்பானது, ஆனால் இதைச் சொல்லாமல் ஒரு தமிழ்ப் பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 1983 யூலை 25இலும் 27இலும் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகளை மற்றக் கைதிகள் கொன்றார்கள். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களிடம் கொலைகாரர்கள் எப்படிப் போனார்கள் என்ற கேள்வி இன்றைக்கும் சிறை உத்தியோகத்தர்களை நோக்கித்தான் நிற்கிறது. 2000 ஒக்டோபர் 25 காலையில், பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு பெருங்கூட்டம் புகுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை வெட்டியும் எரித்தும் கொன்றது. நம் மலையில்தான், தேயிலைக்கு நடுவில்தான். அது சிறை இல்லை, காவலுக்கு நின்றது பொலிஸ். ஆயுதத்தோடு நின்றார்கள், தடுக்கவில்லை. பொலிஸார் இருவர் உட்பட ஐந்து பேருக்கு 2003இல் மரண தண்டனை விதித்தார்கள், 2005க்குள் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்துவிட்டது.

காவல் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் காப்பது ஒன்று, வெளியே இருப்பது உள்ளே வந்து அவரைத் தொடாமல் காப்பது இன்னொன்று. நம் பயிற்சிகள் முதலாவதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2021 செப்டம்பரில், சிறைகளுக்குப் பொறுப்பாயிருந்த இராஜாங்க அமைச்சர் லொஹான் ரத்வத்த அனுராதபுரம் சிறைக்குப் போய்த் தமிழ்க் கைதிகளை முழங்காலில் இருத்தித் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்ற குற்றச்சாட்டில், அந்தப் பொறுப்பை விட்டு விலக வேண்டி வந்தது. அந்த வாசலில் அன்று நின்ற காவலரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். துறையின் அமைச்சரே துப்பாக்கியோடு வந்து கதவைத் திற என்கிறார். திறந்தால் கைதிக்கு ஆபத்து, மறுத்தால் உங்கள் வேலைக்கு ஆபத்து. யாருக்கு உடனே சொல்ல வேண்டும், எந்தச் சட்டத்தைக் காட்டி மறுக்கலாம், மறுத்த பிறகு உங்களை யார் காப்பாற்றுவார்கள்? இதற்கு ஒரு காவலர் அந்த நிமிடத்தில் நின்று பதில் கண்டுபிடிக்க முடியாது, பயிற்சியில் அந்தப் பதில் அவர் கையில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மனித உரிமைகள் ஆணைக்குழு 20 சிறைகளை ஆராய்ந்து 2020 டிசம்பரில் வெளியிட்ட பெரிய அறிக்கையில் கைதிகளின் நிலையோடு உத்தியோகத்தர்களின் நிலைமையும் வருகிறது. நீண்ட நேர வேலை, மோசமான தங்குமிடம், மனத்தில் ஏறும் பாரம். காவலரின் கஷ்டமும் கைதியின் கஷ்டமும் ஒரே அறிக்கையில் வருவது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியாத காவலர்களைப் பார்த்திருக்கிறேன், பிள்ளையின் பையைக்கூடத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது என்று ஒருவரின் மனைவி அழுதார். ஒரு மரணத்தையோ பெரிய அடிதடியையோ பார்த்த காவலரை அடுத்த வேலைமுறைக்கு அப்படியே அனுப்பாமல், யாராவது உட்கார வைத்துப் பேச வேண்டும். இதைப் பலவீனம் என்று நினைப்பதால்தான் இரவில் சாராயப் போத்தலைத் திறக்கிறார்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை, நாலைந்து தடவையாகச் சொன்னேன். போகாதே என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. புடவைக் கடையில் நின்றதால் அவனுடைய சிங்களம் சரளம், கோபப்படும் வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தாமல் பேசப் பழகியிருக்கிறான், அது இந்த வேலைக்கு அணிவகுப்பைவிடப் பெரிய தகுதி. அம்மாவுக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருவரைப் பார்க்கச் சிறைக்குப் போக வேண்டியிருக்கிறது. என்னோடு வந்து வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நின்று, சோற்றுப் பார்சலைச் சோதிக்கும் காவலர் அதை எப்படித் திறக்கிறார், திறந்துவிட்டு எப்படித் திரும்பக் கட்டிக் கொடுக்கிறார், கொண்டுவந்த தாயின் முகத்தைப் பார்க்கிறாரா இல்லையா என்று மட்டும் கவனி என்று சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றான். அன்றைக்கு வேலைக்குப் பேர் கொடுக்காமல் அம்மாவும் வருகிறாராம்.